அதிர்வுப்படி

அத்தியாயம் 7

காணாமல் போனது ஒரு இரும்புப் பெட்டி. எடுத்துப்போன ஆள் மிச்சம் வைத்துவிட்டுப் போனது நான்கு திருகாணிகள். நான்கும் சுவரில் அதனதன் ஓட்டையில் ஒழுங்காக முறுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"மேடம், இந்த மாதிரி ஒரு திருடனை நான் பார்த்ததே இல்லை," என்றான் சில்லறை. "பெட்டியைக் கழட்டிட்டு ஆணியைத் திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கான். தாராளமா பொண்ணு கொடுக்கலாம்."

"முதல்ல அது அவனான்னு பார்ப்போம்," என்றார் மேடம்.

சில்லறை பத்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். பாக்கிச் சில்லறையை யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர். வேலை போன காரணமும் அதுவே. மேடம் அதற்கு நேர் எதிர். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதையில் பொய் எந்த வரியில் இருக்கிறது என்று தேடியவர். ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டார். மூட்டுவலி மட்டும் இலவச இணைப்பு.

இருவரும் நின்றிருந்தது தெருமுனையில் இருந்த தண்ணீர் பம்ப் அறை. அவர்களைக் கூப்பிட்டவர் தெருக் கமிட்டித் தலைவர். இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். பிறத்தியார் சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்க, இவர் சட்டை மட்டும் கசங்கியிருந்தது.

"அது அதிர்வுப் பெட்டி மேடம்," என்றார் இஸ்திரிக்காரர். "தெருவோட அந்தக் கோடியில சுரங்கம் இருக்குல்ல, தினம் நாலு மணிக்கு வெடி வைப்பாங்க. தெரு எவ்வளவு அதிருதுன்னு பெட்டி நம்பர் காட்டும். நம்பர் அஞ்சைத் தாண்டினா அன்னிக்கு வீட்டுக்கு வீடு கம்பெனி அதிர்வுப்படின்னு காசு கொடுக்கும். மொத்தம் நாப்பத்தோரு வீடு. மூணு நாளா பெட்டியைக் காணோம். மாசாமாசம் கம்பெனி அதிகாரி வந்து பார்ப்பாரு. இன்னிக்கு மூணரைக்கு வர்றாரு. பெட்டி இல்லைன்னா இந்த வருஷப் படி மொத்தமும் போச்சு."

சில்லறை மணி பார்த்தான். இரண்டு ஐந்து.

"போலீஸ்ல ஏன் சொல்லலை?" என்றார் மேடம்.

"போலீஸ்னா நாலு கேள்வி கேப்பாங்க."

"நான் நாப்பது கேப்பேனே."

"நீங்க கேக்கலாம் மேடம். உங்களுக்கு நாங்க காசு கொடுக்கிறோம்."

மேடம் சிரிக்கவில்லை. அறையின் மூலையில் சாக்கு போர்த்தி ஏதோ நின்றது. சில்லறையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சில்லறை சாக்கை உருவினான். சிவப்பு நிற கேஸ் சிலிண்டர். அடி வளையம் நசுங்கி, நொண்டி நின்றது.

"இந்த அறையில அடுப்பு இல்லையே," என்றார் மேடம். "சிலிண்டர் எதுக்கு?"

இஸ்திரிக்காரருக்கு இருமல் வந்தது.

சிமெண்ட் தரை முழுக்கப் பிறை பிறையாகப் பள்ளங்கள். எல்லாம் ஒரே அளவு. சிலிண்டரின் அடி வளையத்துக்கு அச்சாகப் பொருந்தின. எதிர்ச் சுவரில் சாக்கட்டியால் ஒன்று முதல் நாற்பது வரை கதவு எண்கள் வரிசையாக எழுதியிருந்தன. பதினேழுக்குப் பக்கத்தில் 'இன்று' என்று போட்டிருந்தது. இருமல் எவ்வளவு நேரம்தான் தாங்கும். இஸ்திரிக்காரர் சொல்லிவிட்டார்.

"மூணு சங்கு ஊதுவாங்க மேடம். மூணாவது சங்குக்கு அப்புறம் வெடி. அந்த நேரம் பார்த்து இதை இடுப்பு உயரம் தூக்கி, பெட்டிக்குக் கீழே போட்டுடுவோம். வீட்டுக்கு ஒரு நாள் முறை. சும்மா விட்டா மூணுதான் காட்டும். இதைப் போட்டா ஆறு, ஏழு வரும்."

"உள்ளே கேஸ் இருக்கா?" என்றான் சில்லறை, ஒரு அடி பின்னால் நகர்ந்து.

"காலி சிலிண்டர் போட்டுப் பார்த்தோம். நாலுதான் வந்துச்சு."

"சுரங்கத்துக்காரன் ஒரு குண்டு வைக்கிறான், அது பத்தலைன்னு நீங்க ஒரு குண்டைத் தூக்கிப் போடுறீங்க. நல்ல கூட்டு வியாபாரம்."

இஸ்திரிக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "சுரங்கம் வந்தா தெருவே செழிக்கும்னாங்க தம்பி. வேலை கொடுத்தாங்க, எட்டுப் பேருக்கு. ரோடு போட்டாங்க, அவங்க லாரி போறதுக்கு. எங்க கையில காசா வந்து விழுறது இது ஒண்ணுதான். என் பொண்ணு நர்ஸ் படிப்பு மூணாவது வருஷம். இஸ்திரி போட்டா கட்டுறேன் அந்த ஃபீஸை?"

சில்லறை சுவரைப் பார்த்தான். பெட்டி இருந்த இடம் வெளிறி, சதுரமாகத் தெரிந்தது. அதன் கீழே கம்பெனிக்காரர்கள் ஒட்டிய காகிதம் ஒன்று. கண்ணாடிக் குழாயும் அதன் நடுவில் ஒரு நீர்க்குமிழியும் வரைந்த படம். 'பெட்டி மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் காட்டாது.'

மேடம் அந்தக் காகிதத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்.

"சில்லறை, பெட்டியை விக்கிறதுக்காக எடுத்தவன் ஆணியை என்ன பண்ணுவான்?"

"தூக்கி எறிவான்."

"திரும்ப மாட்டி வச்சிருக்குன்னா?"

"பெட்டி திரும்ப வரப் போகுது. கொண்டு வர்றப்போ ஆணி தேட வேண்டாம்."

"ஆக இது இரவல். பெட்டியை இரவல் வாங்கி என்ன பண்ண முடியும்? வேற இடத்துல வச்சு ஓட விடலாம், அவ்வளவுதான். ஓடணும்னா மட்டம் பார்க்கணும். மட்டம் பார்க்க ஒரு சாமான் வேணும்." இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினார். "இந்தத் தெருவுல கொத்தனார் இருக்காரா?"

இருந்தார். எட்டாம் நம்பர் வீட்டில், கையில் சோற்றுப் பருக்கையோடு கதவைத் திறந்தார்.

"ரசமட்டமா? அது என்கிட்ட இல்லையேம்மா. நாலு நாளைக்கு முன்னாடி கடைசி வீட்டு அக்கா வாங்கிட்டுப் போனாங்க. அலமாரி மாட்டணுமாம்."

"மாட்டியாச்சா?"

"எங்க மாட்டுறது? அந்த வீட்டுல ஆணி நிக்கிற சுவரே கிடையாது. நானே கேட்டேன், எந்தச் சுவர்லக்கா மாட்டப் போறேன்னு. சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க."

மேடம் நடக்க ஆரம்பித்துவிட்டார். மூட்டுவலியுள்ளவர் என்று அந்த நடையைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

"கடைசி வீடா?" இஸ்திரிக்காரர் பின்னால் ஓடி வந்தார். "அவங்களை சிலிண்டர் முறையிலகூட நாங்க சேர்க்கலை மேடம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பெயிண்டரா இருந்தவரு. சாரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பாவம்னு படி மட்டும் சரியாக் கொடுத்துட்டு வர்றோம்."

"அந்தம்மா என்ன வேலை பண்றாங்க?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுவாங்க. வீட்டுல இருந்தே."

"கேட்டியா சில்லறை?" என்றார் மேடம். "மோட்டாரைப் பிரிக்கிறவங்க முதல்ல கத்துக்கிறது, கழட்டின ஆணியை அதே ஓட்டையில போட்டு வைக்கிறது."

தெரு போகப் போக வீடுகளின் நிறம் மாறியது. முதல் வீடு வெள்ளை. இருபதாவது வீடு மங்கல். கடைசி வீட்டுக்கு வந்தபோது சுவர், கதவு, கொடியில் காய்ந்த துணி எல்லாவற்றிலும் செம்மண் ஏறியிருந்தது. அதற்கு அப்பால் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் சுரங்கத்தின் பள்ளம். லாரிகள் அடியில் எறும்பு வரிசையாக ஊர்ந்தன.

வாசல் அறையில் பெயிண்டரின் மனைவி மோட்டார் கூட்டை மடியில் வைத்துச் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க. எண்ணிக்கை விட்டுப் போயிடும்."

மூவரும் நின்றார்கள். அறுபத்து இரண்டு, அறுபத்து மூன்று என்று உதடு மட்டும் அசைந்தது. எண்பதில் கம்பியை வெட்டி, நுனியை முடிச்சுப் போட்டார்.

"வாங்க. பெட்டி உள்ளேதான் இருக்கு."

சில்லறைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திருடி கொஞ்சம் மறுப்பார், மேடம் மடக்குவார் என்று எதிர்பார்த்து வந்தவன் அவன்.

உள்ளறையில் கட்டில், கட்டிலில் பெயிண்டர். அவர் தலைமாட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். சில்லறை தன் நான்கு விரல்களையும் உள்ளே விட்டுப் பார்த்தான். போயின. அந்தப் பக்கத்து வெயில் விரல் நுனியில் பட்டது.

பெட்டி கட்டிலுக்கு அடியில் தரையில் இருந்தது. கீழே பலகை, பலகைக்கு அடியில் மடித்த அட்டைகள், பக்கத்தில் கொத்தனாரின் ரசமட்டம்.

"சுவர்ல மாட்டினா சுவரே வந்துடும். அதான் தரையில வச்சேன்," என்றார் பெயிண்டர் மனைவி. "நம்பர் பாருங்க. முதல் நாள் இருபத்து மூணு. அடுத்த நாள் இருபத்தாறு. நேத்து இருபத்து நாலு. நான் எதையும் தூக்கிப் போடலை. காலைக்கூட அசைக்கலை."

இஸ்திரிக்காரர் குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல ரெண்டு கோடு இருக்கு. அஞ்சு தாண்டினா படி. இருபது தாண்டினா வெடியை நிறுத்திட்டு, தெரு மொத்தத்தையும் வேற இடத்துல கட்டிக் கொடுக்கணும். ரெண்டாவது கோட்டை யாரும் படிக்கலை. ஒரு வாரம் நம்பர் எடுத்துட்டு, பெட்டியை இருந்த இடத்துல மாட்டிட்டு, உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"நாப்பத்தோரு வீடு," என்றார் இஸ்திரிக்காரர் மெல்ல. "புது வீடு."

"ஆமாண்ணே."

இஸ்திரிக்காரர் கண்ணில் நீர் வந்துவிட்டது. சில்லறைக்கும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். திருட்டைக் கண்டுபிடிக்க வந்து புதையலைக் கண்டுபிடித்த கதையாகிவிட்டதே என்று நினைத்தான். கமிஷன் கேட்கலாமா என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தான். மேடம் பெட்டியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கையில் மஞ்சள் ஹெல்மெட், தோளில் பை. முப்பத்தைந்து வயதிருக்கும்.

"வணக்கம்ணே. வணக்கம்கா," என்றார் கம்பெனி அதிகாரி. "கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்."

"பெட்டி இங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"அது காணாமப் போகவே இல்லையே மேடம். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கு. நம்பர் தானா எங்க ஆபீசுக்கு வந்துடும். இருபத்து மூணு, இருபத்தாறு, இருபத்து நாலு. இந்தத் தெருவுல அவ்வளவு அதிர்ற வீடு வேற எது?"

"தெரிஞ்சும் மூணு நாளா ஏன் வரலை?"

"வந்தா பார்த்ததா ஆயிடும். பார்த்தா எழுதணும்."

"எழுதுங்களேன்," என்றார் பெயிண்டர் மனைவி. "அதுக்குத்தானே வச்சேன்."

அதிகாரி பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். அதைக் கட்டில்மேல் வைக்கக் கூச்சப்பட்டு, கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டினார். ஒவ்வொரு தாளிலும் நெளிநெளியாகக் கோடுகள்.

"இது வெடி. மெதுவா ஏறி, நீளமா அடங்கும். இது என்ன பாருங்க. ஒரே குத்து, உடனே செத்துடுது. வெடிக்கு ரெண்டு செகண்டு முன்னாடி."

"சிலிண்டருக்கு அவசரம்," என்றான் சில்லறை. அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

"நானூத்திப் பன்னிரண்டு தாள் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் அண்ணன் கையெழுத்து. முதல் வாரமே எனக்குத் தெரியும். மேல சொன்னேன். பரவாயில்லை, கொடுத்துட்டே இருன்னாங்க."

"ஏன்?" என்றார் இஸ்திரிக்காரர். குரல் தேய்ந்திருந்தது.

பதில் மேடத்திடமிருந்து வந்தது. "என்னிக்காவது இந்தத் தெருவுல ஒருத்தர் இருபத்தாறுன்னு நிஜ நம்பரைக் கொண்டு வருவாங்க. அன்னிக்கு இந்தக் கட்டை எடுத்து மேஜை மேல வைக்கலாம். சின்னப் பொய்யை வளர விட்டா பெரிய உண்மையை அதை வச்சே அடிச்சுடலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் பண்ணியிருக்கேன். இன்சூரன்ஸ்ல. நெருப்புல போன கடையில ரெண்டு மூட்டை அதிகமா எழுதியிருப்பாங்க. அந்த ரெண்டு மூட்டைக்காகக் கடை மொத்தத்துக்கும் இல்லைன்னு எழுதுவேன்."

அதிகாரி மறுக்கவில்லை. "சரியான இடத்துல எடுத்த பொய் நம்பர் நானூத்திப் பன்னிரண்டு. தப்பான இடத்துல எடுத்த நிஜ நம்பர் மூணு. எந்தக் கோர்ட்டு எதை நம்பும், நீங்களே சொல்லுங்க மேடம்."

"தப்பான இடமா?" பெயிண்டர் மனைவியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "பள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கிறது என் வீடு. பெட்டியை அந்தக் கோடியில மாட்டினது யாரு?"

"நாங்க மாட்டலைக்கா. எங்க வேணும்னு கேட்டோம். அண்ணன்தான் பம்ப் அறையைக் காட்டினாரு."

எல்லோரும் இஸ்திரிக்காரரைப் பார்த்தார்கள்.

"அங்கதானே பிளக் பாயிண்ட் இருந்துச்சு," என்றார் அவர்.

அந்த ஒரு வரியைக் கேட்டபோது சில்லறைக்கு மனிதரைத் திட்ட மனம் வரவில்லை. பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் அங்கே இருந்தது, கையைக் காட்டினார். அவர் இடத்தில் நாமாக இருந்தாலும் அங்கேதான் காட்டியிருப்போம் என்று அவனுக்குத் தோன்றியது.

மேடம் விடவில்லை. "வெளியாளை வச்சுப் புதுசா அளந்தா?"

"அளக்கலாம். ஒப்பந்தப்படி கம்பெனி சம்மதிக்கணும். எழுதிக் கொடுங்க, நானே வாங்கிக்கிறேன். ஆனா எழுதின அன்னிக்கே இந்தக் கட்டும் வெளியே வரும். பொய் நம்பருக்கு வாங்கின படியை நாப்பத்தோரு வீடும் திருப்பிக் கட்டணும்." அதிகாரி ஹெல்மெட்டைக் கை மாற்றினார். "நாலு மணிக்குள்ள பெட்டி பம்ப் அறைக்குப் போயிட்டா நான் எதையும் பார்க்கலை. மூணு நாள் பெட்டி ரிப்பேர்னு எழுதிடுறேன். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்க்கா. எனக்கும் மாசச் சம்பளம்தான்."

இஸ்திரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பிக் கட்டணும் என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்றாவது வருட ஃபீஸ் அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மேடம் பெயிண்டர் மனைவியிடம் சொன்னார்: "நீங்க சரின்னா நான் எழுதிக் கொடுக்கிறேன். ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். இழுத்துட்டுப் போகும். ஆனா எழுதலாம்."

பெயிண்டர் மனைவி விரிசலைப் பார்த்தார், இஸ்திரிக்காரரைப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

"கொண்டு போங்கண்ணே. நாப்பது வீட்டுச் சோத்துல மண்ணைப் போட என்னால ஆகாது. என் வீட்டுல அடுப்பு எரியாத நாள்ல அந்த நாப்பதுல ஏதோ ஒரு வீட்டுலதான் சாப்பிட்டிருக்கேன்."

இஸ்திரிக்காரர் பெட்டியைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வந்து, "ஆணி ஓட்டையிலேயேதானே இருக்கு," என்று மட்டும் கேட்டார். அந்தம்மா ஆமாம் என்றார். அவர் தெருவில் இறங்கி ஓடினார். வழக்கு முடிந்தது. மேடம் எடுத்துக்கொண்ட வழக்குகளில் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததும் இல்லை, முடிந்த பிறகு அவருக்கு இப்படி உடம்பு தளர்ந்ததும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில் முதல் சங்கு ஊதியது.

"இவரை வெளியே தூக்கிட்டுப் போறதில்லையா?" என்றார் மேடம் திடுக்கிட்டு.

"நாலு பேர் வேணும்மா. போர்வையோட நாலு முனையும் பிடிச்சாத்தான் முதுகு வலிக்காது. முதல் மாசம் தெருவுல முறை வச்சு வந்தாங்க. அப்புறம் அந்த நேரத்துக்கு நம்பர் பார்க்க எல்லாரும் பம்ப் அறைக்குப் போயிடுறாங்க. ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க. இருக்கிறவங்களை என்னன்னு கூப்பிடுறது?"

சில்லறை போர்வையின் ஒரு முனையைப் பிடித்தான். மேடம் ஒன்றைப் பிடித்தார். அந்தம்மா ஒன்று. நான்காவது முனை கட்டிலில் கிடந்தது. அதிகாரி ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து அதைப் பிடித்தார்.

"நாலு பேர் தூக்குறாங்கன்னதும் பயந்துட்டேன்," என்றார் பெயிண்டர். அதுவரை அவர் பேசியதே இல்லை. "கண்ணை முழிச்சுட்டுத்தானே இருக்கேன்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டேன்."

சில்லறை உரக்கச் சிரித்தான். நிஜமாகவே சிரிப்பு வந்தது. வாசலுக்கு எதிரே வேலியோரம் பாயை விரித்து அவரைக் கிடத்தினார்கள். இரண்டாவது சங்கு. மேடம் தன் குடையை விரித்து வெயிலை மறைத்தார். மூன்றாவது சங்கு ஊதி முடிந்ததும் தெருவின் அந்தக் கோடியிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. உடனே பள்ளத்திலிருந்து வெடி. பாய்க்கு அடியில் பூமி நகர்ந்தது. வீட்டுக்குள் பொலபொலவென்று ஏதோ கொட்டும் சத்தம் சிறிது நேரம் நிற்காமல் கேட்டது.

புழுதி அடங்குவதற்குள் பம்ப் அறைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "ஏழு," என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னது. வீடு வீடாக அது கைமாறி இங்கே வந்து சேர்ந்தது.

பெயிண்டர் மனைவி உள்ளே போய்த் தலையணையை எடுத்துவந்து வாசலில் தட்டினார். அதிலிருந்து காரைத் துண்டுகள் விழுந்தன. ஒன்று கைப்பிடி அளவு இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பெயிண்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காற்று பட்டது அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"தம்பி," என்று சில்லறையைக் கூப்பிட்டார். "நாளைக்கும் நாலு மணிக்கு வருவீங்களா?"

சில்லறை மேடத்தைப் பார்த்தான். மேடம் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க," என்றார் பெயிண்டர் மனைவி, தலையணையைத் தட்டிக்கொண்டே. "அவங்க வெளியூரு."